ரேபிஸ் ஊசி போட்டாச்சு... அப்போ நாய் ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தமா? செல்லப்பிராணிகளுக்கு எந்த டெஸ்ட், எப்போ, எதுக்கு?

2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் பலரும் ஒரே வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்ததுதான் காரணம். கூட்டம் அதிகமானதால் கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

உரிமம் வாங்க முக்கியமான ஆவணம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ். நாய்க்கடியும் ரேபிஸ் மரணங்களும் உச்ச நீதிமன்றம் வரை விவாதமாகியிருக்கும் நேரத்தில் இது நியாயமான நிபந்தனை. ஆனால், அந்த அட்டை கைக்கு வந்ததும் "நம்ம நாய்க்கு எல்லாம் பார்த்தாச்சு" என்ற நிம்மதியும் பலருக்கு வந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

தடுப்பூசி அட்டை, குறிப்பிட்ட சில நோய்களுக்கு எதிராக ஊசி போடப்பட்டதைச் சொல்லும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்தத்தில் உண்ணிக் கிருமி இருக்கிறதா, இதயம் வீங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள பரிசோதனை வேண்டும். அப்படியானால் எல்லா டெஸ்டும் எடுத்துவிட வேண்டுமா? அதுவும் தேவையில்லை. எது தேவை, எது வீண்? விரிவாகப் பார்க்கலாம்.

நோயை ஏன் மறைக்கின்றன?

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். நாய், பூனைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதிலும் பூனை, உடம்பு முடியாததைக் கடைசிவரை வெளியே காட்டாது. சாப்பாட்டில் கொஞ்சம் மிச்சம் வைக்கும், கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருக்கும். வயசாகிடுச்சு, அதான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இதற்குச் சரியான உதாரணம் சிறுநீரகம். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயர்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வரும்போது, சிறுநீரகத்தின் செயல்திறனில் சுமார் 75 சதவீதம் ஏற்கெனவே போயிருக்கும். மிச்சமுள்ள கால்வாசியை வைத்துத்தான் அதுவரை அந்த விலங்கு சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற புதிய ரத்தப் பரிசோதனை, சராசரியாக 40 சதவீத இழப்பிலேயே எச்சரிக்கை தரும். அதைவிட எளிமையானது சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கும் சோதனை. சிறுநீரகம் தளரும்போது சிறுநீர் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஒரு சிறிய கருவியும் சில சொட்டு சிறுநீரும் இருந்தால் இதைப் பார்த்துவிடலாம்.

போன சிறுநீரகம் திரும்ப வராது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் உணவை மாற்றி, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, ஆயுளை நீட்டிக்க முடியும். டெஸ்ட்டோட மதிப்பே அது எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

முதல் டெஸ்ட் டாக்டரோட கைதான்

ரத்தம் எடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டிய ஒரு பரிசோதனை உண்டு. மருத்துவர் எடை பார்ப்பார், ஈறின் நிறத்தைப் பார்ப்பார், தோலை விலக்கி உண்ணி தேடுவார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார், நிணநீர்க் கட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார், ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்பார். பல்லில் காரை, காதில் பூஞ்சை, மடியில் கட்டி, இதயத்தில் முணுமுணுப்பு போன்றவை பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் வழிகாட்டுதல், ஆரோக்கியமான செல்லப்பிராணிக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு உடல் பரிசோதனை வேண்டும் என்கிறது. வயதானவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஊசி போடப் போகும் நாளில் இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஊசி போட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே அனுப்பப்பட்டால், "ஒருமுறை முழுசா செக் பண்ணிடுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேட்கலாம்.

உண்ணிக் காய்ச்சல்: நம்ம ஊரின் பெரிய தலைவலி

தமிழ்நாட்டின் வெப்பத்தில் பழுப்பு நிற நாய் உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். சுவர் இடுக்கு, கதவு நிலை, நாய் படுக்கும் சாக்கு என எங்கும் ஒளிந்துகொள்ளும். இது பரப்பும் எர்லிச்சியா, பபேசியா கிருமிகளால் வரும் நோயைத்தான் நாய் வளர்ப்பவர்கள் 'டிக் ஃபீவர்' என்கிறார்கள். மனிதர்களுக்கு வரும் ஸ்க்ரப் டைபஸையும் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வதுண்டு. அது வேறு நோய், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எர்லிச்சியா வந்தால் காய்ச்சல், சோர்வு, ரத்தத் தட்டணுக்கள் குறைவு, சில நேரம் மூக்கில் ரத்தம். முதல் சில வாரங்களுக்குப் பிறகு அறிகுறிகள் தானாகவே அடங்கிவிடலாம். ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில்கூட இந்த அமைதி நீடிக்கும். பிறகு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு நோய் திரும்பும்போது காப்பாற்றுவது மிகக் கடினம். பபேசியா ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளிறும், சிறுநீர் காபி நிறத்தில் போகும்.

இதற்கு மூன்று வகை டெஸ்ட் இருக்கிறது. மூன்றும் ஒன்றல்ல என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒன்று, ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. செலவு குறைவு, உடனே ரிப்போர்ட். கிருமி கண்ணில் பட்டால் உறுதி. படவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு, சில நிமிடங்களில் கோடு காட்டும் கிட். இவற்றில் பல, உண்ணிக் கிருமிகளுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புரதத்தைத் தேடுபவை. முன்பு எப்போதோ வந்து சரியான நோய்க்கும் கோடு விழும். சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். தொற்று ஆரம்பித்த முதல் சில நாட்களில் நெகட்டிவ் காட்டவும் வாய்ப்புண்டு.

மூன்று, பிசிஆர். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே தொழில்நுட்பம். கிருமியின் மரபணுவையே தேடும். செலவு அதிகம், ரிப்போர்ட் வர நேரமாகும். ஆனால் எந்த வகைக் கிருமி என்பதைச் சொல்லும்.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். எர்லிச்சியாவுக்குக் கேட்கும் மாத்திரை பபேசியாவை ஒழிக்காது. பபேசியாவிலேயே ஒரு வகைக்கு வேலை செய்யும் ஊசி இன்னொரு வகைக்குச் சரியாக வேலை செய்யாது. "போன தடவை எழுதிக்கொடுத்த மாத்திரையையே மெடிக்கல்ல வாங்கிக் கொடுத்துட்டோம்" என்பது ஆபத்தாக முடிவது இதனால்தான்.

டெஸ்ட் எடுத்தா வீட்டுக்கும் பாதுகாப்பு

சில பரிசோதனைகள் விலங்குக்கு மட்டுமல்ல, அதோடு வாழும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல் அதில் முக்கியமானது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலக்கும். அதில் நடக்கும் அல்லது அதைக் குடிக்கும் நாய்க்குக் கிருமி தொற்றும். கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் பாதிக்கப்படும். நாயின் சிறுநீர் வழியே மனிதர்களுக்கும் பரவும்.

இதற்குத் தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போட வேண்டும். ஆனால் ஊசியில் உள்ள கிருமி வகைகளுக்கு மட்டுமே அது பாதுகாப்பு. எனவே மழைக்காலத்தில் நாய் திடீரென்று வாந்தி எடுத்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தால் "ஊசி போட்டிருக்கோமே" என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். கடைசியாக ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்வதும் அவசியம். ஊசியால் உண்டான எதிர்ப்புரதமும் சில டெஸ்டுகளில் தெரியும் என்பதால் தேதி தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது. முடிவு வரும்வரை சிறுநீரைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்வது நல்லது.

ரேபிஸுக்கு டெஸ்ட் இருக்கா?

நாய் கடித்த பிறகு பலரும் கேட்கும் கேள்வி: "அந்த நாய்க்கு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?"

உயிரோடு இருக்கும் நாய்க்கு ரேபிஸ் இருக்கிறதா, இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. நாய் இறந்த பிறகு மூளைத் திசுவை எடுத்து, ஒளிரும் சாயம் கொண்டு ஆய்வகத்தில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் கடிபட்டவர் அந்த 10 நாள் காத்திருக்கக் கூடாது. காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அப்போ ஆய்வகங்களின் பட்டியலில் இருக்கும் 'ரேபிஸ் ஆன்டிபாடி டெஸ்ட்' என்ன? தடுப்பூசி எவ்வளவு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கியிருக்கிறது என்று அளப்பது அது. பல நாடுகள் நாய், பூனையை உள்ளே அனுமதிக்க ஒரு மில்லிலிட்டருக்கு குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. வெளிநாடு கூட்டிச் செல்பவர்களுக்கு இது தேவை. நோய் இருக்கிறதா என்பதை இந்த டெஸ்ட் சொல்லாது.

'ஃபுல் பாடி பேக்கேஜ்' எடுக்கலாமா?

மனிதர்களுக்கு இருப்பதுபோலவே செல்லப்பிராணிகளுக்கும் இப்போது பேக்கேஜ்கள் வந்துவிட்டன. ஒரே ரத்த மாதிரியில் 20, 30 அளவுகள். எதையும் விடாமல் பார்ப்பது நல்லதுதானே என்று தோன்றும். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

ரிப்போர்ட்டில் 'இயல்பான அளவு' என்று ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். பொதுவாக, ஆரோக்கியமான 100 விலங்குகளில் 95 விலங்குகளின் அளவு எந்த எல்லைக்குள் வருகிறதோ, அதையே வரம்பாக வைக்கிறார்கள். அதாவது எந்த நோயும் இல்லாத 5 விலங்குகள் ஒவ்வொரு டெஸ்டிலும் வரம்புக்கு வெளியே நிற்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவுகளைப் பார்த்தால், முற்றிலும் ஆரோக்கியமான நாய்க்கும் ஒன்றாவது தவறி வெளியே விழும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். அந்த ஒரு சிவப்பு எழுத்தைப் பார்த்து அடுத்த டெஸ்ட், அதைப் பார்த்து ஸ்கேன், அதன் பிறகு தேவையில்லாத மாத்திரை என்று பயமும் செலவும் வளர்ந்துகொண்டே போகும்.

அதனால் பேக்கேஜ் என்றாலே மோசடி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆரோக்கியமாக இருக்கும்போது ஒருமுறை எடுத்து வைக்கும் ரிப்போர்ட்டுக்கு நல்ல பயன் உண்டு. இரண்டு வருடம் கழித்து நோய் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். வரம்புக்குள்ளேயே இருந்தாலும் கிரியாட்டினின் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனால் அது ஒரு செய்தி. பழைய ரிப்போர்ட்டை மொபைலில் பத்திரமாக வைத்திருப்பது புது டெஸ்ட் எடுப்பதற்குச் சமமான பலன் தரும்.

எண்ணை மட்டும் நம்பக் கூடாது

எந்த விலங்கு என்பதைப் பொறுத்து அதே எண்ணின் அர்த்தம் மாறும். பூனையை ஆட்டோவில் கூடைக்குள் வைத்து, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலே பயத்தில் அதன் ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். அந்த ஒரு ரீடிங்கை வைத்து நீரிழிவு என்று முடிவு செய்ய முடியாது. கடந்த இரண்டு, மூன்று வாரச் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட்டையும் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூனையின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளவை. இயந்திரம் அதைச் சரியாக எண்ணாமல் மிகக் குறைவாகக் காட்டும். ஆய்வாளர் மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தால்தான் உண்மை தெரியும். மனிதர்களுக்கான லேபில் கொடுத்து வாங்கும் ரிப்போர்ட்டுகளில் இப்படிப்பட்ட பிழைகள் வரும் வாய்ப்பு அதிகம். அந்த ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இயல்பான அளவும் மனிதர்களுடையதாக இருக்கும்.

நாய்களிலும் இந்த வேறுபாடு உண்டு. கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட வேட்டை நாய்களுக்கு இயல்பிலேயே சிவப்பணு அளவு கூடுதலாகவும், தட்டணு, தைராய்டு அளவுகள் குறைவாகவும் இருக்கும். நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடலமைப்பு கொண்ட ஓட்ட வேட்டை நாய்கள்தான். இவற்றை வளர்ப்பவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறும் முன், இனத்தைச் சொல்லி மருத்துவரிடம் விளக்கம் கேட்பது நல்லது.

எந்த வயசுல எதைப் பார்க்கணும்?

குட்டிப் பருவம்: முழு உடல் பரிசோதனை, குடல் புழுவுக்கு மலப் பரிசோதனை. குட்டி வாந்தி, ரத்தம் கலந்த பேதியோடு வந்தால் பார்வோ கிட். மலத்தில் எடுக்கப்படும் இந்தச் சோதனையின் முடிவு சில நிமிடங்களில் வரும். அண்மையில் பார்வோ ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசியால்கூட கோடு விழலாம். தத்தெடுக்கும் பூனைக்கு, லுகேமியா வைரஸ், எஃப்ஐவி சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இது இன்னும் முக்கியம்.

கருத்தடை அறுவை சிகிச்சைக்கு முன்: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல். மயக்க மருந்தை உடல் தாங்குமா என்று தெரிந்துகொள்ள இது தேவை. தட்டணுக்கள் குறைவாக இருப்பது முன்பே தெரிந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம்.

நடுவயது: ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, மலப் பரிசோதனை. உண்ணித் தொல்லை இருந்த நாய்க்கு ரத்த அணுப் பரிசோதனை. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் கருப்பைச் சீழா என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

முதுமை: லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு 7 வயதிலேயே முதுமை தொடங்கிவிடும். சிறிய நாய்களுக்கும் பூனைகளுக்கும் 10 வயதை ஒட்டி. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் முக்கியம். பூனைக்குத் தைராய்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால் எக்கோ. எலும்பு, மூட்டு, நுரையீரலுக்கு எக்ஸ்ரே, வயிற்று உறுப்புகளுக்கு ஸ்கேன்.

ரத்தப் பரிசோதனைக்கு முன் 8 முதல் 12 மணி நேரம் உணவு வேண்டாம் என்பார்கள், தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் சின்னக் குட்டிகளையும், இன்சுலின் போடும் விலங்குகளையும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடக் கூடாது.

செலவை எப்படிச் சமாளிப்பது?

தனியார் கிளினிக்கில் ஸ்கேன், எக்கோ, பிசிஆர் எல்லாம் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். இங்கே அரசு வசதிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில் பெரிய சிகிச்சை வளாகத்தோடு இயங்குகிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் சிக்கலான நோய்க்கு அங்கே ஒருமுறை காட்டுவது பல கிளினிக் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எந்த டெஸ்ட் எழுதப்பட்டாலும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதில் என்ன நோயைத் தேடுகிறீர்கள்? பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை எப்படி மாறும்? இப்போது எடுக்காமல் ஒரு வாரம் பொறுத்தால் ஆபத்து உண்டா? முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவது பற்றிப் பேசலாம். இப்படிக் கேட்பதை நல்ல மருத்துவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

டெஸ்ட்டுக்குப் பயந்து வீட்டு வைத்தியத்தில் இறங்குவது இதைவிட மோசம். காய்ச்சல் என்று நினைத்துக் கொடுக்கும் ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய நாலு சோதனை

காசு செலவில்லாமல், மாதம் ஒருமுறை வீட்டிலேயே இவற்றைப் பார்க்கலாம்.

எடை: நீங்கள் தனியாகவும், தூக்கிக்கொண்டும் நின்று கழித்துப் பாருங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது பத்தில் ஒரு பங்கு.

ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

மூச்சு: நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் இதயம், நுரையீரலைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரும் சிறுநீரும்: வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்து, அதிகமாகப் போனால் சிறுநீரகம், சர்க்கரை, கருப்பை என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசர நிலை, மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

உரிமத்தோட சேர்த்தா என்ன?

சென்னை மாநகராட்சியின் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மைக்ரோசிப் இருப்பதால் ஒவ்வொரு நாய்க்கும் தனி அடையாள எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணோடு இன்று இருப்பது உரிமையாளர் விவரமும் தடுப்பூசித் தகவலும்தான். புதுப்பிக்க வரும் நாளில் ஒரு எடை, ஒரு உடல் பரிசோதனை, ஒரு ரத்தத் துளி என்று சேர்த்துக்கொண்டால், எந்தப் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், எங்கே எலிக்காய்ச்சல் தலைகாட்டுகிறது என்ற தகவல் நகரத்துக்கே கிடைக்கும். அதற்கு மருத்துவர்களும் ஆய்வக வசதியும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதும் உண்மை.

அரசு அதைச் செய்யும்வரை பொறுப்பு வளர்ப்பவர்களிடம்தான். அடுத்த முறை ஊசிக்கோ உரிமத்துக்கோ கூட்டிப்போகும்போது பழைய ரிப்போர்ட், கடைசி ஊசித் தேதி, கடந்த மாத எடை ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த டெஸ்ட் தேவை என்று மருத்துவர் முடிவு செய்ய அதுவே நல்ல தொடக்கம்.